ஏதேனும் ஒரு முக்கோணம்

வடிவியல் வகுப்பில் ஒரு வரி எழுதினால் பக்கத்தில் ஒரு காரணமும் எழுதவேண்டும். இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமம் என்று மட்டும் சொன்னால் போதாது. குத்தெதிர்க் கோணங்களா, ஒத்த கோணங்களா, ஒரே வட்டத்துண்டில் அமைந்தவையா என்று சொல்லவேண்டும். 'படத்தைப் பாத்தாலே தெரியுதே' என்பது காரணம் ஆகாது. 'அளந்து பாத்தேன், 47 பாகை வந்துச்சு' என்பதும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பாடமும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு பிடிவாதமாக 'ஏன்' என்று கேட்பதில்லை.

நான் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்குத் துணைப்பாடம் எடுக்கிறேன். நாலைந்து பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். ஜனவரியில் அவர்களுடைய கணக்குக் கோப்பைத் திறந்தால் முதலில் ஒரு தாள் இருக்கும். வகுப்பு விதிகளும் எதிர்பார்ப்புகளும். பள்ளிச் சின்னம்தான் வேறு, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். கவராயம், கோணமானி, அடிக்கோல் இல்லாமல் வரக்கூடாது. படம் பென்சிலில், விடை பேனாவில். செய்முறை காட்டாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதவேண்டும். தாமதமாகத் தரும் வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்ஜியம். கீழே மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து.

அந்தத் தாளில் எந்த விதிக்குப் பக்கத்திலும் காரணம் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி இதுதான். காரணம் இல்லாமல் எதையும் ஏற்காதே என்று கற்பிக்கும் வகுப்பு, தன்னுடைய விதிகளை மட்டும் காரணம் கேட்காமல் ஏற்கச் சொல்லலாமா?

உடனே ஒரு பதில் வரும். வடிவியலும் அப்படித்தானே தொடங்குகிறது? கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' 13 பாகங்கள் கொண்டது. முதல் பாகத்தில் எதையும் நிறுவுவதற்கு முன்பே ஐந்து எடுகோள்களை வைத்துவிடுகிறார். இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம். அந்தக் கோட்டை நீட்டிக்கொண்டே போகலாம். எந்தப் புள்ளியை மையமாக வைத்தும் எந்த ஆரத்திலும் வட்டம் வரையலாம். எல்லாச் செங்கோணங்களும் சமம். ஐந்தாவது, இணைகோடுகளைப் பற்றிய அந்த நீண்ட கூற்று. இவற்றுக்கு நிறுவல் கிடையாது. எங்கேயாவது கால் ஊன்றினால்தான் நடக்க முடியும். வகுப்பு விதிகளையும் அப்படி எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதானே?

இந்தப் பதிலில் பாதியை நான் ஏற்கிறேன். ஆனால் எடுகோளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். 'ஐதேமா' என்றால் கேட்டுப் பெறுவது, வேண்டுகோள். 'இந்த ஐந்தை மட்டும் எனக்குக் கொடுங்கள், மற்றதை நான் நிறுவிக் காட்டுகிறேன்' என்கிற தொனி அதில் இருக்கிறது. எடுகோள்கள் எண்ணிக்கையில் குறைவு. எல்லாரும் பார்க்கும்படி முதலிலேயே வைக்கப்பட்டவை. முக்கியமாக, கேட்டவரையும் அவை கட்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் ஆறாவதாக ஒன்றை நைசாக நுழைத்துக்கொள்ள முடியாது. யூக்ளிடே அப்படிச் செய்தபோது விடவில்லை. கொடுத்த கோட்டின்மேல் சமபக்க முக்கோணம் வரையும் அவருடைய முதல் நிறுவலில், இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். ஐந்து எடுகோள்களில் எதுவும் அதைச் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த ஓட்டையைக் காட்டினார்கள். 1899இல் ஹில்பர்ட் அடித்தளத்தையே புதிதாக எழுதினார். விதி போட்டவர் யூக்ளிட் என்பதற்காக அவருக்குச் சலுகை கிடைக்கவில்லை.

எனவே வகுப்புத் தாளை எடுகோள் என்று சொல்ல விரும்பினால் சொல்லலாம். ஆனால் அதோடு வரும் கடமைகளையும் ஏற்கவேண்டும். குறைவாக இருக்கவேண்டும், கேட்டுப் பெறவேண்டும், போட்டவரும் கட்டுப்படவேண்டும். மற்ற விதிகளெல்லாம் தேற்றங்கள். தேற்றத்துக்கு நிறுவல் வேண்டும்.

பென்சில் விதியை எளிதாக நிறுவிவிடலாம். படம் முதல் தடவையே சரியாக வராது, அழித்து வரையவேண்டியிருக்கும். செய்முறை விதியையும் நிறுவலாம். விடை குருட்டாம்போக்கில் சரியாக வந்துவிடலாம், வழி அப்படி வராது. சிக்கல் தாமத விதியில்தான்.

என்னிடம் உயர்நிலை மூன்று படிக்கும் ஒரு மாணவி வருகிறாள். அம்மாவுக்குத் துப்புரவு வேலை, விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அப்பாவுக்குப் பாதுகாவலர் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தொடக்கப்பள்ளி படிக்கும் தம்பியைக் கூட்டிவந்து, சோறு போட்டு, ஸ்பெல்லிங் பார்த்து, தூங்கவைப்பது இவள் வேலை. மூவறை வீட்டில் பாட்டியும் இருக்கிறார். சாப்பாட்டு மேசை காலியாகும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். ஒருநாள் தொடுகோடு-நாண் தேற்றத்தை வைத்து ஒரு நிறுவல் எழுதியிருந்தாள். பாடநூல் காட்டும் வழியைவிட இரண்டு வரி குறைவு. ஒரு விட்டத்தை வரைந்து, அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதைப் பயன்படுத்தி நேராக உள்ளே போயிருந்தாள். தாளின் மேல் சிவப்பில் ஒரு பூஜ்ஜியம். ஒருநாள் தாமதம்.

"கோவமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ரூல்தானே."

அந்த 'ரூல்தானே' என்ற சொல்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. பக்கத்தில் இருந்த நிறுவலில் அவள் எந்த வரியையும் 'தானே' என்று விட்டுவிடவில்லை.

மதிப்பெண் என்பது ஒரு கூற்று. பத்துக்கு ஏழு என்றால், 'இந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடம் இவ்வளவு தெரிந்திருக்கிறது' என்று ஆசிரியர் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். பத்துக்குப் பூஜ்ஜியம் என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று பொருள். அந்தத் தாளில் அது பொய். சொல்லவந்தது 'நீ நேரத்துக்குத் தரவில்லை' என்பதுதான் என்றால் அதைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. நேரத்தைப் பற்றிய குற்றச்சாட்டை வடிவியலைப் பற்றிய கூற்றாக எழுதுவது, கோணத்தின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்வதுபோல.

தேர்வுத் தாள் திருத்துகிறவர்கள் இந்த விஷயத்தில் நுட்பமானவர்கள். கேம்பிரிட்ஜ் பாணி விடைத் திட்டங்களில் வழிமுறைக்குத் தனி மதிப்பெண், துல்லியத்துக்குத் தனி மதிப்பெண். முதல் பகுதியில் தவறான எண் வந்து, அதை வைத்து அடுத்த பகுதியைச் சரியான முறையில் செய்திருந்தால், அந்த முறைக்கு மதிப்பெண் உண்டு. ஒரு பிழைக்கு ஒருமுறைதான் தண்டனை. நாலாவது வரியில் நடந்த தப்பு ஒன்பதாவது வரியில் இருக்கும் சரியைத் தின்றுவிடக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தாமத விதிக்கு அந்த யோசனை கிடைக்கவில்லை.

இதை நான் சொன்னபோது, இருபது வருடமாகப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஓர் அக்கா சிரித்தார். "தம்பி, நீ ஆறு பேர வச்சுக்கிட்டுப் பேசற. எனக்கு ஒரு வகுப்புக்கு நாப்பது பேரு. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். விட்டேன்னா வெள்ளிக்கிழம வரவேண்டியது அடுத்த மாசம் வரும். அதுக்குள்ள நான் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அப்பறம் திருத்திக் குடுத்து யாருக்கு என்ன லாபம்?"

அவர் அடுத்துச் சொன்னது இன்னும் கனமானது. "காரணம் சொன்னா விடலாம்னு வச்சுக்கோ. யாரு வந்து சொல்லுவா? இங்கிலீஷ் நல்லா பேசற புள்ள சொல்லும். அம்மா ஈமெயில் அனுப்பற புள்ள சொல்லும். வீட்ல நெசமாவே கஷ்டம் இருக்கற புள்ள வாயத் தொறக்காது. விதி கண்ண மூடிக்கிட்டு இருந்தாத்தான் அந்தப் புள்ளைக்கும் பாதுகாப்பு."

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. காரணம் கேட்கும் விதி, காரணம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வசதியாகிவிடும். என் மாணவியும் வாயைத் திறக்கவில்லை. தன் வீட்டுக் கதையை ஆசிரியர் அறை வாசலில் நின்று சொல்லவேண்டும் என்றால், பூஜ்ஜியமே மேல் என்று அவள் நினைப்பாள். அவளுடைய மானத்தை விலையாக வாங்கும் சலுகை எப்படி நியாயமாகும்?

ஆக ஒரு பக்கம் கண்ணை மூடிய விதி, மறு பக்கம் ஆளைப் பார்த்துக் கொடுக்கும் சலுகை. இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்றே நெடுநாள் பேசிவந்திருக்கிறோம். எனக்கு வழி காட்டியது வடிவியலில் அடிக்கடி வரும் ஒரு சின்னச் சொற்றொடர்.

'ஏபிசி என்பது ஏதேனும் ஒரு முக்கோணம் என்க.'

பிள்ளைகள் இந்த வரியை எழுதிவிட்டு, பக்கத்தில் அழகாக ஓர் இருசமபக்க முக்கோணத்தை வரைவார்கள். கை அப்படித்தான் போகும். அடி கிடைமட்டமாக, உச்சி நடுவில், இரண்டு பக்கமும் ஒரே நீளம். பிறகு படத்தில் தெரியும் சமத்தை அறியாமலே நிறுவலுக்குள் எடுத்துக்கொள்வார்கள். முடிவு சரியாக வந்ததுபோலிருக்கும். ஆனால் அது அந்த ஒரு முக்கோணத்துக்கு மட்டும்தான் செல்லும். அதனால்தான் கோணல்மாணலாக வரை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எந்தப் பக்கமும் சமமில்லாத, எந்தக் கோணமும் செங்கோணமில்லாத முக்கோணம். அதில் நின்றால்தான் நிறுவல்.

எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று 'நிறுவும்' ஒரு புகழ்பெற்ற விளையாட்டு உண்டு. ரௌஸ் பால் தன் கணிதக் கேளிக்கை நூலில் தந்திருப்பார். ஓர் உச்சிக்கோணத்தின் இருசமவெட்டியும் எதிர்ப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அங்கிருந்து மற்ற இரண்டு பக்கங்களுக்கும் செங்குத்துகள். பிறகு சர்வசம முக்கோணங்கள், கூட்டல், முடிவு. ஒவ்வொரு வரிக்கும் சரியான காரணம் இருக்கும். தப்பு படத்தில் இருக்கிறது. அந்தச் சந்திப்புப் புள்ளி முக்கோணத்துக்கு உள்ளே இருப்பதாக வரைந்திருப்பார்கள். உண்மையில் அது வெளியே விழும். படத்தைச் சரியாக வரைந்தால், ஒரு பக்கத்தில் கூட்டவேண்டியதை இன்னொரு பக்கத்தில் கழிக்கவேண்டும் என்று தெரியும்.

வகுப்பு விதி எழுதுகிறவர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. சொந்த மேசை உள்ள பிள்ளை. ஏழு மணிக்குச் சாப்பிட்டு எட்டு மணிக்குப் படிக்க உட்காரும் பிள்ளை. அச்சுப்பொறி உள்ள வீடு. கையெழுத்துப் போட நேரத்துக்கு வீடு திரும்பும் பெற்றோர். அந்தப் பிள்ளைக்கு விதி அழகாக நிறுவப்பட்டுவிடுகிறது. தாமதமா, அப்படியென்றால் சோம்பல். ஒவ்வொரு வரியும் சரி, புள்ளிதான் தவறான இடத்தில் இருக்கிறது. என் மாணவி முக்கோணத்துக்கு வெளியே விழுகிறாள்.

கணக்கில் ஒரு தேற்றத்தை வீழ்த்த ஓர் எதிர்மாதிரி போதும். ஆயிரம் முக்கோணங்களுக்குப் பொருந்தி ஒன்றுக்குப் பொருந்தாவிட்டால் அது தேற்றம் இல்லை. பள்ளிக்கூடத்தில் தலைகீழ். விதிக்குப் பொருந்தாத பிள்ளையை 'ஸ்பெஷல் கேஸ்' என்று தனியே எடுத்து வைத்துவிட்டு விதியைக் காப்பாற்றுகிறோம்.

இது ஒரு வகுப்பறையோடு நிற்கும் விஷயமில்லை. சிங்கப்பூரில் பல பத்தாண்டுகளாக ஒரு பிள்ளை விரைவுப் பிரிவா, வழக்கநிலைப் பிரிவா என்று முழு ஆளாக அடையாளமிடப்பட்டது. ஒரு பிள்ளை கணக்கில் வேகமாகவும் ஆங்கிலத்தில் மெதுவாகவும் இருக்கலாம் என்பதற்கு அந்தப் படத்தில் போதிய இடமில்லை. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் எடுக்கப்பட்டு, பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள் வந்திருக்கின்றன. புதிய முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. படத்தைக் கொஞ்சம் கோணலாக வரைந்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு நல்லது.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நாற்பது பேருக்கும் ஒரே விதி வேண்டும், யாரும் கதை சொல்லிச் சலுகை வாங்கக்கூடாது. சரி. அப்படியானால் சலுகையை விதிக்கு உள்ளேயே வைத்துவிடலாம். என் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு தவணைக்கு மூன்று தாமதங்கள் உண்டு. காரணம் சொல்லவேண்டாம். தம்பியைப் பார்த்துக்கொண்டதும் கால்பந்து பார்த்ததும் ஒன்றுதான். வசதியுள்ள பிள்ளைக்கும் மூன்று, இல்லாத பிள்ளைக்கும் மூன்று. யாரும் யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை. நேரம் தவறியதை ஒரு தனிக் கட்டத்தில் குறிக்கிறேன், மதிப்பெண்ணைத் தொடுவதில்லை. விதி கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மூடும் முன் ஒரு கோணலான முக்கோணத்தைப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறது.

பார்த்து எழுதுவதைப் பற்றியும் ஒரு விதி உண்டு. இப்போது கணக்கைப் படம் எடுத்தால் போன் படிப்படியாக விடை தந்துவிடுகிறது. காரணங்கள்கூட நேர்த்தியாக வரும். அதைத் தடை செய்து காவல் காக்க எனக்கு நேரமில்லை. என் விதி ஒன்றுதான். எழுதித் தந்த எந்த வரியையும் பலகையில் நின்று விளக்கவேண்டிவரலாம். இதற்கு நிறுவலும் தருகிறேன். நிறுவல் தாளில் இருப்பதால் பயனில்லை, ஒருவர் அதைப் பார்த்துக் கண்டுகொள்ளும்போதுதான் அது அவருக்கு நிறுவலாகிறது. விளக்க முடியாத வரி, உன் தாளில் இருக்கும் அடுத்தவர் வரி.

இந்த இடத்தில் பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில் வரும் பையனை நினைத்துக்கொள்வேன். சாக்ரடீஸ் இரண்டடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து, இதன் பரப்பை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பையன் நாலடி என்கிறான். பரப்பு பதினாறு ஆகிவிடுகிறது, வேண்டியது எட்டு. மூன்றடி என்கிறான். ஒன்பது. பிறகு தெரியவில்லை என்கிறான். கடைசியில், கேள்வி கேள்வியாக நகர்ந்து, மூலைவிட்டத்தின்மேல் வரைந்த சதுரம்தான் விடை என்று காண்கிறான். யாருக்குள்ளும் காரணத்தைப் பின்தொடரும் ஆற்றல் உண்டு என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள்.

அந்தப் பையன் மேனோவின் வீட்டு அடிமை. வரைந்த சதுரத்துக்கு முன்னால் அவன் சாக்ரடீஸுக்கு இணையாக யோசிக்கக்கூடியவன். சதுரத்தை விட்டு எழுந்ததும் மறுபடி அடிமை. உரையாடல் அவனை அனுப்பிவிட்டு அறத்தைப் பற்றித் தொடர்ந்து பேசுகிறது. தாளில் காரணம் கேட்டுவிட்டு, தாளைச் சுற்றியுள்ள வாழ்க்கையில் 'ரூல்தானே' என்று வாயை மூடவைப்பது அதைவிடப் பல மடங்கு சின்ன விஷயம்தான். ஆனால் அதே ஜாதி.

"பரீட்சையில மூணு சான்ஸ் இல்லயே சார்?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஓ லெவல் தேர்வு யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்லும் தேற்றத்தில் தப்பில்லை. 'முக்கோணம் செங்கோண முக்கோணமாக இருந்தால்' என்று தொடங்குவதால் பிதாகரஸ் தேற்றம் பொய்யாகிவிடுவதில்லை. தேர்வு என்பது அப்படி நிபந்தனை போட்ட சில மணி நேரம். வருடத்தின் மற்ற எல்லா நாளையும் அந்தச் சில மணி நேரத்தின் சாயலில் நடத்தவேண்டும் என்று யாரும் நிறுவவில்லை.

என் விதிகளில் ஒன்றை மட்டும் நான் நிறுவுவதில்லை. பலகையில் யார் தப்பாகச் சொன்னாலும் சிரிக்கக்கூடாது. இதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றைச் சொல்லி வாதாடுவதில்லை. முதல் வகுப்பில் கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். அது என் எடுகோள். கேட்டவன் என்பதால் நானும் சிரிக்கக்கூடாது.

மற்ற எந்த விதியைப் பற்றியும் எந்தப் பிள்ளையும் 'ஏன்' என்று கேட்கலாம், 'நான் சொல்றேன்ல' என்பது விடையாகாது என்று தாளிலேயே எழுதியிருக்கிறேன். போன மாதம் அந்த மாணவி முதல்முறையாகக் கேட்டாள்.

"ஏன் சார் மூணு? ரெண்டோ நாலோ ஏன் இல்ல?"

நான் இன்னும் நிறுவலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.